சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கும் காப்பீடு

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலை வருமா?" கைத்திறன் உள்ளவருக்கு வேலை வந்துவிடுகிறது. வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், புரோகிராமர், ஒலிப்பதிவாளர் என்று யாராக இருந்தாலும் முதல் வருடம் பழைய அலுவலகத் தொடர்புகளை வைத்தே ஓட்டிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வேலை இருக்கும், பெயரும் இருக்கும், ஆனால் கணக்கில் பணம் இருக்காது. அல்லது பணம் வந்திருக்கும், ஓய்வே இல்லாமல் உடம்பு படுத்துவிடும். மூன்றாம் வருடம் சத்தமில்லாமல் மறுபடி மாதச் சம்பளத்துக்குத் திரும்புகிறவர்களில் பலர் தொழில் தெரிந்தவர்கள்தான்.

இது ஏன் நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, நிறுவனம் என்ற ஏற்பாடு என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃப்ராங்க் நைட் 1921-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கணக்கிடக்கூடிய ஆபத்து வேறு, கணக்கிட முடியாத நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக்காட்டியவர் அவர். பகடையில் ஆறு விழும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அடுத்த வருடம் சந்தைக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டாவது வகைச் சுமையை முதலாளி தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். பதிலுக்கு ஊழியருக்கு ஒரு நிலையான தொகையை உறுதி செய்கிறார். விற்பனை படுத்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். விற்பனை பறந்தாலும் அதே சம்பளம்தான்.

அப்படியானால் சம்பளத்துக்குள் ஒரு காப்பீடு ஒளிந்திருக்கிறது. ஊழியரின் உழைப்பு ஈட்டித்தரும் மதிப்பில் ஒரு பகுதியை நிறுவனம் பிரீமியமாகப் பிடித்துக்கொள்கிறது. ஃப்ரீலான்சர் ஆகிறவர் அந்த பிரீமியத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறார். கூடவே காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்கிறது. இனி நோய், வேலையில்லாத மாதம், வராத பாக்கி, பழசாகிப்போகும் திறன் என்று எல்லா இழப்பீட்டையும் அவரே அவருக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கூடுதலாக வரும் பணத்தை லாபம் என்று நினைத்துச் செலவழிக்கிறவர், பிரீமியத்தைத் தின்றுவிட்ட காப்பீட்டு நிறுவனம் ஆகிறார். தனித்தொழில் நிலைக்குமா, நிலைக்காதா என்பதில் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. மார்க்கெட்டிங், தனிமுத்திரை, சமூக ஊடக இருப்பு எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை.

கட்டணத்துக்குள் என்ன இருக்கிறது

முதல் தவறு கட்டணம் சொல்லும்போது நடக்கிறது. "மாதச் சம்பளம் இவ்வளவு, அதை வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு, அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம்" என்று பலர் தொடங்குகிறார்கள். கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். நாணயம் எதுவானாலும் சரி, வருடச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

வாரம் 5 நாள் வீதம் 52 வாரங்களுக்கு 260 நாள். அதில் பொது விடுமுறை 10, சொந்த விடுப்பு 15, உடம்புக்கு முடியாத நாள் 5 என்று கழித்தால் 230. இந்த 230 நாளும் காசாகாது. வாடிக்கையாளரிடம் பேசுவது, கொட்டேஷன் எழுதுவது, கைகூடாத வேலைக்காக மாதிரி தயாரிப்பது, கணக்கு எழுதுவது, பாக்கி வசூலிப்பது, கருவிகளைச் சரிசெய்வது என்று பெரிய பகுதி போய்விடும். 60% நாளுக்குக் காசு வாங்க முடிந்தாலே நல்ல நிலைமைதான். ஆக 138 நாள்.

இனி வரவேண்டிய தொகை. பழைய சம்பளமான 100 பங்குக்கு மேல், நிறுவனம் தன் பங்காகக் கட்டிவந்த ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, அது வாங்கித் தந்த கணினி, மென்பொருள், இடம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 30 பங்கு என்று வைப்போம். மொத்தம் 130. அதை 138-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 0.94 பங்கு. சம்பளக்காரராக இருந்தபோது 100-ஐ 260-ஆல் வகுத்து ஒரு நாளுக்கு 0.38 பங்கு வாங்கிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இந்த இரண்டரை மடங்கு பேராசை இல்லை, பழைய வாழ்க்கை அப்படியே தொடர்வதற்கான விலை. வேலையில்லாத மாதங்களுக்கோ மூழ்கிப்போகும் பாக்கிக்கோ இதில் இன்னும் ஒரு பைசா ஒதுக்கவில்லை.

தள்ளுபடி கேட்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். "ஒரு பத்து சதவீதம் குறைச்சுக்கோங்க சார்" என்பது கேட்பவருக்குச் சின்ன விஷயம். 130-இல் 10% குறைத்தால் 13 போய்விடும். செலவான 30 பங்கு அப்படியே இருப்பதால், வீட்டுக்கு வரும் 100 பங்கு 87 ஆகிறது. இழந்ததை ஈடுகட்ட 138 நாளுக்குப் பதிலாக ஏறத்தாழ 153 நாள் காசுள்ள வேலை செய்ய வேண்டும். அந்தப் பதினைந்து நாளையும் யாராவது தேடித்தர வேண்டுமே. எதிர்ப்பக்கமும் இதே தர்க்கம்தான்: கட்டணத்தை 25% ஏற்றி, அதனால் ஐந்தில் ஒரு பங்கு வேலை விலகிப்போனாலும் மொத்த வரவு மாறாது. மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு நேரம். விலையைக் கூட்டினால் ஆள் போய்விடுவார்களே என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கலாம்.

இணையத் தளங்கள் வழியாக வேலை எடுப்பவர்கள் கமிஷனையும் இதில் சேர்க்க வேண்டும். 2010-இல் தொடங்கிய ஃபைவர், விற்பவரின் வருமானத்தில் 20% எடுத்துக்கொள்கிறது. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் இணைந்து 2015-இல் அப்வொர்க் என்ற பெயர் பெற்ற தளம் தன் கமிஷன் விகிதத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறது. அந்த மாற்றங்களில் உறுப்பினருக்குக் கருத்துச் சொல்லும் இடம் எதுவும் இல்லை. ஆரம்பத்தில் இவை உதவும். பத்து வருடத் தொழிலை முழுக்க இவற்றின் மேல் நிறுத்துவது, வாடிக்கையாளர் பட்டியலை இன்னொருவர் பெட்டகத்தில் வைத்துவிட்டுச் சாவியையும் அவரிடமே கொடுப்பதுதான்.

நான்கு மாத இடைவெளி

ஒரு மாதம் மூச்சுவிட நேரமில்லை, அடுத்த மாதம் ஈ ஓட்டுகிறோம். எல்லா ஃப்ரீலான்சரும் இதைச் சொல்வார்கள். கேட்டால் சந்தை அப்படி, சீசன் அப்படி என்பார்கள். சீசனுக்கும் பங்குண்டுதான். ஆனால் பெரும்பகுதி நாமே செய்துகொள்வது.

ஒரு வேலை பணமாக மாறும் பாதையைப் பாருங்கள். ஒருவர் விசாரிக்கிறார். பேசி, விலை சொல்லி, அவர் உள்ளே அனுமதி வாங்கி, சரி என்று சொல்வதற்குள் ஒரு மாதம் போய்விடும். வேலை ஒன்றரை மாதம். இன்வாய்ஸ் கொடுத்தபின் 30 நாள் தவணை என்று எழுதியிருக்கும், வருவது 45-ஆவது நாள். எல்லாம் கூட்டினால் நான்கு மாதம். இன்று கணக்கில் விழும் பணம் நான்கு மாதத்துக்கு முன் நடந்த ஒரு பேச்சின் விளைவு. கைநிறைய வேலை இருக்கும்போது புதியவர்களிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். அந்த மௌனத்தின் பலன் நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த பிறகு பதறிப்போய்க் கிடைத்த வேலையையெல்லாம் குறைந்த விலைக்கு எடுக்கிறோம், மறுபடி கை நிறைகிறது, மறுபடி மௌனம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தூற்றுகிற நாளிலேயே அடுத்த விதைப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்காதவருக்கு அடுத்த காற்று வீசும்போது களத்தில் நெல் இருக்காது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, தொழில் எப்படிப் போகிறது என்று பார்க்க வங்கி இருப்பைப் பார்ப்பது தாமதமான அளவுகோல். இந்த மாதம் எத்தனை பேரிடம் புதிய வேலை பற்றிப் பேசினோம் என்பதுதான் முன்கூட்டிச் சொல்லும் எண். இரண்டாவது கையிருப்பு பற்றியது. மூன்று மாதச் செலவை வைத்திரு, ஆறு மாதச் செலவை வைத்திரு என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை கிடைக்கும். விசாரிப்பிலிருந்து வசூல் வரை உங்கள் தொழிலில் எத்தனை மாதம் ஆகிறதோ, அதுதான் குறைந்தபட்சக் கையிருப்பு. ஏனென்றால் இன்று எல்லா வாடிக்கையாளரும் ஒரே நாளில் போய்விட்டால், நாளை காலையே தேடத் தொடங்கினாலும் முதல் பணம் வர அத்தனை மாதம் ஆகும். திருமணப் படம் எடுப்பவருக்கு முன்பணம் கிடைப்பதால் இது குறுகியது. பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவருக்கு எட்டு மாதம்கூட ஆகலாம்.

கையிருப்பின் பயன் பட்டினியைத் தடுப்பது மட்டுமில்லை. அது இருப்பவர் "இந்த விலைக்கு என்னால் முடியாது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கிறார். இல்லாதவர் எதிரே இருப்பவரின் விலைக்கு இறங்குகிறார். ஒரே திறமை, ஒரே நகரம், ஒரே வாடிக்கையாளர். இரண்டு பேருக்கும் வேறு வேறு விலை.

புதிய பேச்சு யாரிடமிருந்து வரும் என்பதற்கும் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17% மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 56%, அரிதாக என்றவர்கள் 28%. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்; தூரத்துப் பழக்கமுள்ளவர் வேறொரு வட்டத்தில் உலவுகிறார், அங்கே நடப்பது நம் காதுக்கு வருவதில்லை. கிரானோவெட்டர் ஆராய்ந்தது சம்பள வேலை தேடியவர்களை, அதுவும் 54 பேரைத்தான். ஆனாலும் ஃப்ரீலான்சர் யாரிடம் கேட்டாலும் நல்ல வேலை ஒன்று இரண்டு வருடம் பேசாதிருந்த யாரோ ஒருவர் கைகாட்டி வந்ததாகச் சொல்வார்கள். முன்னாள் வாடிக்கையாளருக்கு வருடம் இரண்டு முறை நலம் விசாரித்து நான்கு வரி எழுதுவது கேட்க அற்பமாகத்தான் இருக்கும். விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட அதிகம் பலன் தரும்.

ஒற்றை வாடிக்கையாளரை நம்புவது இதன் மறுபக்கம். பணம் ஒழுங்காகத் தருகிற ஒருவர் கிடைத்துவிட்டால் மற்றவர்களிடம் பேசத் தோன்றாது. ஸ்பெயினில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வருமானத்தில் 75 சதவீதமாவது ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பெறுகிறவரைப் 'பொருளாதார ரீதியாகச் சார்ந்திருக்கும் சுயதொழிலர்' என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது. சட்டம் அந்த அளவில் விழித்துக்கொள்கிறது. தொழில் செய்பவர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதே விழித்துக்கொள்வது நல்லது. அந்த ஒருவர் போனால் மிச்ச இரண்டு பங்கில் வண்டி ஓடும்.

எழுதப்படாத வரி

"சார், ஒரு சின்ன மாற்றம்தான். அஞ்சு நிமிஷ வேலை."

இந்த வாக்கியத்தைக் கேட்காத தனித்தொழிலர் கிடையாது. லோகோவின் நிறம் மாறும். நிறம் மாறியதால் விசிட்டிங் கார்டு மாறும். கார்டு மாறியதால் லெட்டர்ஹெட் மாறும். கேட்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கே எல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வேலை தொடங்கும் முன் அனுப்பும் மின்னஞ்சலில் "இரண்டு முறை திருத்தம் இந்தக் கட்டணத்தில் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், மூன்றாவது முறை "செய்துவிடலாம் சார், இது கட்டணத்துக்குள் வராது, தனியாக எஸ்டிமேட் அனுப்பட்டுமா?" என்று உறவு கெடாமல் கேட்கலாம். ஆச்சரியமாக, பாதி மாற்றங்கள் அதற்குப் பிறகு தேவைப்படுவதே இல்லை.

எழுதாமல் விட்ட ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. 1985-இல் வீடற்றவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பு, ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம் ஒரு சிற்பம் கேட்டது. அவர் தன் சொந்தப் பட்டறையில் செய்து கொடுத்தார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. பதிப்புரிமை யாருக்கு என்று இரு தரப்பும் பேசிக்கொள்ளவே இல்லை. சிற்பத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக அமைப்பு விரும்பியபோது தகராறு வெடித்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் வரை போனபிறகுதான், ரீட் அந்த அமைப்பின் ஊழியர் அல்லர், தனித்தொழிலர், ஆகவே அது பதிப்புரிமை முதலாளிக்கே போகும் 'ஊழியர் செய்த வேலை' என்ற கணக்கில் வராது என்று தீர்ப்பு வந்தது. சொந்தக் கருவி, சொந்த இடம், தன் விருப்பப்படி வேலை நேரம் என்று நீதிமன்றம் அங்கே எடுத்துப் பார்த்த அடையாளங்கள் இன்றும் அந்நாட்டு வழக்குகளில் மேற்கோளாகின்றன. ஒரு மின்னஞ்சல் வரியில் முடிந்திருக்க வேண்டியது.

பாக்கி வசூலும் இதே இனம். பெரிய நிறுவனத்தில் பணம் தாமதமாவதற்குக் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பது குறைவு. வேலை வாங்கியவர் வேறு, பணம் தருகிறவர் வேறு. இன்வாய்ஸில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் (வேலையை உறுதிசெய்து நிறுவனம் தரும் ஆணையின் எண்) இல்லையென்றால் கணக்குப் பிரிவு அதை ஓரம் கட்டிவிடும், யாருக்கும் சொல்லாது. மாதத்தில் இரண்டு நாள்தான் பணம் விடுவிப்பார்கள். ஒரு நாள் தவறினால் பதினைந்து நாள் போச்சு. அதனால் வேலை தொடங்கும்போதே "இன்வாய்ஸை யாருக்கு அனுப்ப வேண்டும், அதில் என்ன எண் இருக்க வேண்டும், எந்தத் தேதியில் பணம் விடுவிப்பீர்கள்?" என்று கேட்டு வைப்பது, பிறகு பத்து நினைவூட்டல் அனுப்புவதைவிட மேல். முன்பணம் வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பவர், அந்த இரண்டு மாதமும் வாடிக்கையாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சட்டங்கள் மெதுவாக இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. நிறுவனங்களுக்கு இடையிலான பாக்கிக்கு, வேறுவிதமாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி 60 நாள் வரம்பு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வகுத்தது. நியூயார்க் நகரம் 2017-இல் ஃப்ரீலான்சர்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்து, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் வழக்குப் போட்டு வாங்கிய பணத்தோடு அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார் என்பதால் சட்டத்தைக் கடைசிக் கருவியாகவே பலர் வைத்திருக்கிறார்கள்.

பலர் சேர்ந்து தாங்குவது

கையிருப்பால் தாங்க முடியாத ஒன்று நீண்ட நோய். ஒரு வருடம் படுக்கையில் கிடப்பதற்குச் சேர்த்து வைப்பது நடக்கிற காரியமில்லை. காப்பீடு என்பதே பலர் சேர்ந்து ஒருவர் இழப்பைத் தாங்குவது. அதை ஒற்றை ஆள் தனக்குத்தானே செய்துகொள்வதற்கு ஓர் எல்லை உண்டு.

நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய ப்ரோட்ஃபோண்ட்ஸ் என்ற ஏற்பாடு இதற்கு அழகான விடை. சுயதொழில் செய்பவர்கள் அதிகபட்சம் ஐம்பது பேர் வரை ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரிலுள்ள கணக்கில் மாதாமாதம் பணம் போடுகிறார். ஒருவர் நோயில் விழுந்தால் மற்ற எல்லோர் கணக்கிலிருந்தும் சிறு தொகை அவருக்கு அன்பளிப்பாகப் போகிறது, அதிகபட்சம் இரண்டு வருடம். குழு சிறியதாக இருப்பதில்தான் சூட்சுமம்: ஒருவரை ஒருவர் தெரியும் என்பதால் பொய் நோய் சொல்லத் துணிவது கஷ்டம். ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே 1983 முதல் கலைஞர்கள், எழுத்தாளர்களின் சமூகக் காப்பீட்டுக் கட்டணத்தில் பாதியை மட்டும் அவர்கள் செலுத்துகிறார்கள். 30 சதவீதத்தை அவர்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்களும் 20 சதவீதத்தை அரசும் ஏற்கின்றன. சம்பளக்காரருக்கு முதலாளி கட்டும் பாதியை இங்கே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இவை எதுவும் இல்லாத இடத்தில், ஒரே துறையில் இருக்கும் நாலைந்து பேர் ஒருவர் படுத்தால் இன்னொருவர் அவர் வேலையை முடித்துக்கொடுப்பது, வாடிக்கையாளரைத் தட்டிப் பறிக்காமல் திருப்பித் தருவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதும் ஒருவகைக் காப்பீடுதான்.

எந்தக் குழுவாலும் தாங்க முடியாத ஒன்று, திறன் பழசாவது. ஒரே தொழில் செய்யும் ஐம்பது பேருக்கும் அது ஒரே நேரத்தில் நடக்கும். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அப்வொர்க் தளத்தில் என்ன நடந்தது என்று ஆராய்ந்தவர்கள், எழுத்து சார்ந்த வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த வேலைகள் சுமார் 2 சதவீதமும் மாத வருமானம் சுமார் 5 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். தொகை சிறியதுதான். உறுத்துவது அதிலுள்ள இன்னொரு விவரம்: முன்பு வாடிக்கையாளர்களிடம் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் தப்பவில்லை. செய்கிற வேலையை இன்னும் நன்றாகச் செய்வதே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அது நல்ல செய்தி இல்லை.

நிறுவனத்தில் இருந்த வரைக்கும் புதிதாகக் கற்பதற்கான நேரம் சம்பளத்தில் அடங்கியிருந்தது. வேறு பிரிவுக்கு மாற்றிவிடும் வழியும் இருந்தது. தனியாக இருப்பவர் அதை "நேரம் கிடைக்கும்போது" என்று தள்ளிவைக்கிறார், வேலை மிகுந்த மாதத்தில் நேரம் இருக்காது, வேலையில்லாத மாதத்தில் மனம் இருக்காது. அதை நாள்காட்டியில் முன்கூட்டியே பிடித்து வைத்து, கட்டணத்துக்குள் ஏற்றிவிடுவதுதான் நடைமுறையில் நிற்கிற வழி. மேலே போட்ட கணக்கில் 138 நாளிலிருந்து மாதம் ஒரு நாள் வீதம் 12 நாளைக் கற்பதற்கென்று எடுத்துவிட்டால் 126 மிஞ்சும். 130-ஐ 126-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1.03 பங்கு, பழைய கட்டணத்தைவிட ஏறத்தாழ 9.5% கூடுதல். இன்றைய வாடிக்கையாளர் இன்வாய்ஸில் அது தனி வரியாகத் தெரியாது, ஆனால் ஐந்து வருடம் கழித்து வரப்போகிறவருக்கான தயாரிப்புச் செலவை அவர்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்.